இடது காலுக்கு ஒரு கோப்பு

முப்பத்தொரு வருடம் ரொட்டி வேன் ஓட்டிய ஒருவர், மனைவி இறந்த ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய காரை வெளியே எடுத்தார். எடுத்த பதினோராவது நிமிடம் நடு ரோட்டில் நின்றுவிட்டார். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. சிக்னலில் மஞ்சள் விழுந்தது, அவர் பிரேக் பிடித்தார். எந்தக் காலால் பிடித்தார் என்பது பற்றித்தான் அடுத்த பத்து மாதம் பேச்சு நடந்தது.

ரொட்டி வேனில் மூன்று பெடல். நிறுத்தும்போது வலது கால் முதலில் பிரேக்கை மெல்ல அழுத்தும். வேகம் தணிந்து எஞ்சின் திணறப் போகிற நேரம் பார்த்து, இடது கால் கிளச்சை அடிவரை மிதிக்கும். அந்த வேனின் கிளச் லேசுப்பட்டதல்ல. பீரோவைச் சுவரோரம் தள்ளுகிற மாதிரி மிதிக்க வேண்டும். மனைவியின் கார் ஆட்டோமேட்டிக். கிளச்சே கிடையாது. இருக்கிற இரண்டு பெடலும் வலது காலுக்கே பாத்தியம். இடது காலுக்கென்று ஓரமாக ஒரு சின்ன மேடை உண்டு. அதில் ஏறிச் சும்மா இருக்க வேண்டியதுதான் அதற்கு வேலை.

முப்பத்தொரு வருடம் உழைத்த காலுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மஞ்சள் விழுந்ததும் அது கிளச்சைத் தேடிக்கொண்டு கிளம்பியது. கிளச் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அகலமான பிரேக் பெடல் அகப்பட்டது. பீரோ தள்ளுகிற பலத்தோடு ஒரே மிதி. கார் ஆணி அடித்ததுபோல் நின்றது.

பின்னால் வந்த கார் நிற்கவில்லை. அது இவருடைய காரின் பின்புறத்தில் வந்து லேசாக முட்டி, நம்பர் பலகையை வளைத்த பிறகுதான் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவர் நிறுத்தல் நெறி வாரியத்தின் இயக்குநர். ஒரு கூட்டத்தில் பேசப் போய்க்கொண்டிருந்தார். மடியில் இருந்த சொற்பொழிவின்மேல் காபி முழுவதும் கொட்டியிருந்தது. சொற்பொழிவின் தலைப்பு, 'நிதானம்.'

இயக்குநரின் டிரைவர் இறங்கி வந்து, "ஏன் சார் இப்படித் திடீர்னு நிறுத்தினீங்க?" என்றான்.

ரொட்டிக்காரர் உள்ளதைச் சொன்னார். "இடது கால் பட்டுடுச்சுப்பா."

பின் கண்ணாடி இறங்கியது. "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் இயக்குநர். இவர் இன்னொரு தடவை சொன்னார். காபி படாத ஓரமாகப் பார்த்து அதை எழுதிக்கொண்டார் இயக்குநர்.

நாய் குறுக்கே வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும் என்று பிறகு பலர் அவரிடம் சொன்னார்கள். அவருக்கு அந்த நேரத்தில் நாய் ஞாபகம் வரவில்லை. அக்கா ஞாபகம்தான் இருந்தது.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாபகம் அங்கங்கே இழை விடத் தொடங்கியதும், ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கிற முதியோர் இல்லத்தில் தானே போய்ச் சேர்ந்துகொண்டார். மனைவி இருந்தவரை ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இருவரும் அக்காவைப் பார்க்கப் போவார்கள். மனைவிதான் ஓட்டுவாள். வாரம் பூராவும் ஓட்டுகிற மனுஷன் அன்றைக்காவது வேடிக்கை பார்க்கட்டும் என்பாள். அவள் போன பிறகு ஐந்து மாதம் அந்தக் காரின் கதவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அன்றுதான் வந்தது.

மறுநாள் காலை காரின் ஸ்டியரிங்கில் வாரியத்தார் ஒரு மஞ்சள் பூட்டு மாட்டிவிட்டுப் போனார்கள்.

நிறுத்தல் நெறி வாரியம் ஒரு சரிவான தெருவின் உச்சியில் இருந்தது. வளாகத்தில் நின்ற வாரியத்தின் கார்கள் எல்லாவற்றுக்கும் சக்கரத்தடியில் செங்கல் வைத்திருந்தார்கள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாததால் அதைப் பூட்டியிருந்தார்கள். ரொட்டிக்காரர் ஜன்னலருகே போய் நின்றார்.

"எந்தக் கால்?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

"இடது."

"வண்டி?"

"ஆட்டோமேட்டிக்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "இது எங்கயும் சேராதே சார்."

விஷயம் இதுதான். வாரியத்தில் கீழ்த்தளம் மேனுவல் பிரிவு, மேல்தளம் ஆட்டோமேட்டிக் பிரிவு. இரண்டுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ரொட்டிக்காரர் முதலில் கீழ்த்தளத்து அதிகாரியைப் பார்த்தார்.

"இடது கால்னா எங்க காலுதான். நான் மறுக்கல" என்றார் அதிகாரி. "ஆனா கிளச்சை மிதிச்சாத்தான் அது எங்க காலு. பிரேக்கை மிதிச்ச காலை நாங்க எந்த முகத்தோட சொந்தம் கொண்டாடறது?"

மேல்தளத்து அதிகாரி இன்னும் தெளிவாக இருந்தார். "எங்க பிரிவுல இடது காலே கிடையாதுங்க. விதிப் புத்தகம் முழுக்கப் புரட்டிப் பாருங்க, வலது கால் மட்டும்தான். இல்லாத காலு எப்படிங்க பிரேக் பிடிக்கும்?"

"பிடிச்சுதுங்களே."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. விதிப்படி உங்களுக்கு அங்க கால் இல்ல."

ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். கால் இருந்தது. செருப்பும் போட்டிருந்தது.

பின்னால் வந்த வண்டி ஏன் நிற்கவில்லை என்று ஒருமுறை ஜன்னல் எழுத்தரிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பதில் கிடைத்தது.

கோப்பு ஐந்து வாரம் மாடிப்படி ஏறி இறங்கியது. கடைசியில் இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று. ஒருவர் தளத்துக்கு மற்றவர் வர மாட்டார் என்பதால், மாடிப்படி திரும்புகிற இடத்தில் இரண்டு நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. போவோர் வருவோருக்காக அதிகாரிகள் அடிக்கடி எழுந்து நாற்காலியை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முடிவு இது: சம்பவ நேரத்தில் வண்டியை நிறுத்தியது இடது கால். அந்தக் காலுக்கு ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்ட உரிமம் இல்லை. ஆகவே அதைத் தனி நபராகப் பதிவு செய்து பயிற்சி கொடுக்க வேண்டும்.

இடது காலுக்கு அடையாள அட்டை தயாராயிற்று. புகைப்படக்காரர், "கொஞ்சம் நேரா வைங்க சார், சாஞ்சிருக்கு" என்று இரண்டு முறை சொல்லிப் படம் எடுத்தார். முன்தொழில் என்ற இடத்தில் 'கிளச்' என்றும், தற்போதைய தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் எழுதினார்கள். கையொப்பத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகை. காலின் கட்டைவிரல்தான். மை தடவி ஒற்றி எடுத்தார்கள்.

பிறகு மருத்துவ அலுவலர். அவர் தரையில் மண்டியிட்டுக் காலைப் பல கோணத்தில் பார்த்தார். "இப்ப இது எதையாவது தேடுதா?"

"செருப்பைத் தேடுது சார்" என்றார் ரொட்டிக்காரர். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அலுவலர் சிரிக்கவில்லை. 'தேடும் பழக்கம் நீடிக்கிறது' என்று எழுதி, இரண்டு மாதம் கண்காணிப்பில் வைக்கப் பரிந்துரைத்தார்.

அன்று சாயந்தரம் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கட்டைவிரலின் மையைத் தேய்த்தார். போகவில்லை. ஊதா நிறமாக ஒட்டிக்கொண்டு நின்றது. திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. மனைவி இருந்தால் கதவருகே வந்து நின்று, "என்ன, கால் ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்கா?" என்றிருப்பாள். சிரிப்பு குளியலறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டார். வீட்டில் இன்னொரு ஆள் இல்லாவிட்டால் எந்தக் கூத்தும் வெறும் அலுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்காவோடு போனில் பேசுவார். நர்ஸ் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த வாரம் கட்டைவிரல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா மூச்சு வாங்கச் சிரித்தார்.

"டேய், உனக்குக் காலும் ஒரு ஆளாயிடுச்சா? அதுக்குத் தனியாச் சாப்பாடு போடு."

"போடறேன்."

"அது சரி, எப்ப வர்றே?"

"பூட்டை எடுத்ததும் வந்துடறேன்க்கா."

"வந்துடறேன்னு ஐஞ்சு மாசமாச் சொல்றே" என்றார் அக்கா. உண்மையில் ஏழு மாதம். அவர் திருத்தவில்லை.

கண்காணிப்பு முடிந்தது. காலின் மேல் புதிய புகார் எதுவும் வரவில்லை. அடுத்தது இருபது மணி நேரப் பயிற்சி, வாரத்துக்கு ஒரு மணி நேரம். பயிற்சியின்போது பக்கத்து இருக்கையில் 'உடன் அமர்பவர்' ஒருவர் இருக்க வேண்டும். அவர் ஓட்டுநருடன் ஒரே வீட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். எழுத்தர் படிவத்தை நீட்டினார். ரொட்டிக்காரர் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காலியா விடக் கூடாது சார்."

"யாரும் இல்லைங்க."

"யாரும் இல்லைன்னு எழுத இடம் கிடையாது. மனைவி, மகன், மகள், பிற. இதுல ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க."

'பிற'வில் டிக் போட்டார். விவரம் என்று கேட்டிருந்தது. யோசித்து, 'நான்' என்று எழுதினார்.

எழுத்தர் படித்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உங்களோட நீங்களே எப்படி சார் வசிக்க முடியும்?"

"ஒன்பது மாசமா அப்படித்தாங்க" என்றார் ரொட்டிக்காரர்.

எழுத்தர் முத்திரை குத்தினார். ஆள் இல்லாதவர்களுக்கு வாரியமே ஓர் உடன் அமர்பவரை அனுப்பும், ஆனால் வரிசைப்படி வரும், ஆறு வாரம் ஆகலாம் என்றார்.

அந்த ஆறு வாரத்துக்குள் ஒரு புதன்கிழமை அக்காவைப் பார்க்க அவர் பஸ்ஸிலேயே கிளம்பினார். மலைக்கு வாடகை வண்டிக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு பஸ் மாறி, அடிவாரத்தில் இறங்கி, நான்கு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடந்தார். இல்லத்தில் பார்வை நேரம் இரண்டிலிருந்து நாலு. அவர் வாசலை அடைந்தபோது ஐந்து இருபது.

"நாலோட சரி ஐயா. திறந்தா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் காவலாளி. நல்ல மனிதர். கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தார். கட்டிடத்தில் பதினான்கு ஜன்னல்கள் தெரிந்தன. எது அக்காவின் ஜன்னல் என்று இவருக்குத் தெரியவில்லை. எப்போதும் மனைவிதான் முன்னால் நடப்பாள். எல்லா ஜன்னலையும் பொதுவாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உடன் அமர்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் வாரியத்தின் அட்டை, கையில் கோப்பு. மஞ்சள் பூட்டைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை அவரிடம் நீட்டினாள். உடன் அமர்பவர் பணியின்போது நான்கு சொற்களை மட்டுமே பேசலாம் என்று அதில் இருந்தது: எடுங்கள், நிறுத்துங்கள், ஏன், பதிவாயிற்று. வேறு பேச்சு பிரேக் பிடிப்பவரின் கவனத்தைக் கலைக்கும் என்று வாரியம் கருதியது. அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. ஒவ்வொரு முறை பிரேக் பிடித்ததும் காரணம் சொல்ல வேண்டும்.

"எடுங்கள்" என்றாள்.

இடது காலை அதற்குரிய மேடையில் வைத்துக்கொண்டு, வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கார் தானாக ஊர்ந்தது. ஆட்டோமேட்டிக்கின் குணம் அது. தெருமுனையில் மெல்ல அழுத்தி நிறுத்தினார்.

"ஏன்?"

"சிவப்பு விளக்கும்மா."

"பதிவாயிற்று."

மருந்துக் கடை, சாவி செய்கிற கடை, பள்ளிக்கூடத்தின் பின்சுவர், மறுபடியும் மருந்துக் கடை. ஒரு மணி நேரத்தில் ஒன்பது சுற்று. "ஏன்?" "பூனை." "பதிவாயிற்று." "ஏன்?" "சைக்கிள்ல போற பெரியவர். அவரு திரும்பறாரா இல்லையான்னு அவருக்கே தெரியல." "பதிவாயிற்று."

அவள் பேசக் கூடாது. ஆனால் அவர் பேசக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. மூன்றாவது வாரம் இதைக் கண்டுகொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறிக் கைவிட்டுவிடும், வேனில் இரண்டாவது கியரில் இறக்குவேன், இதில் கியரை 'எல்' என்று போட்டால் அதே வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார். ரொட்டி நசுங்காமல் நிறுத்துவது எப்படி என்று சொன்னார். வண்டி நிற்கப் போகிற கடைசி அரை நொடியில் பாதத்தை ஒரு நூல் தளர்த்தினால் குலுக்கல் இருக்காது. மனைவிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை, அவளுக்குத் தானாகவே வந்தது என்றும் சொன்னார். அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்கிறாளா என்று தெரியாது. ஆனால் அவர் பேச்சை நடுவில் நிறுத்தினால் மெல்லத் திரும்புவாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் முகச்சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். பக்கத்து இருக்கையைத் துணி போட்டுத் துடைத்து வைத்தார். மற்ற ஆறு நாளும் அவரிடம் 'ஏன்' என்று கேட்க ஆள் இல்லை.

பதினோராவது வாரம் ஒருமுறை, காரணமே இல்லாத இடத்தில், பள்ளிக்கூடப் பின்சுவரோரமாக நிறுத்திவிட்டார். முன்னால் வண்டி இல்லை. விளக்கு இல்லை, பூனையும் இல்லை.

"ஏன்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். நான்தான்க்கான்னேன். 'எந்த நம்பர் வேணும் உங்களுக்கு'ன்னு கேட்டாங்க. எக்ஸ்சேஞ்சுல கேக்கற மாதிரி. நான் பேசாம இருந்தேன். 'லைன்ல இருங்க, பார்க்கறேன்'னாங்க. இருந்தேன். அப்புறம் நர்ஸ் வந்து வாங்கி வெச்சுட்டா."

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் கத்துகிற சத்தம் சுவர் தாண்டி வந்து அடங்கியது. அவள் கோப்பைப் பார்த்தாள். கட்டங்களில் சிக்னல், பாதசாரி, விலங்கு, வளைவு, இதர என்று இருந்தன. வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

"பதிவாயிற்று" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

இருபது வாரம் முடிந்தது. வாரிய வளாகத்தில் நிறைவு விழா. பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் செயல்முறை காட்ட வேண்டும் என்று இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சரிவின் மேல்முனையில் அவருடைய காரை நிறுத்தச் சொன்னார்கள். கீழ்முனையில் மேடை. மேடையில் இயக்குநர், இரண்டு தளத்து அதிகாரிகள், நடுவில் இடைவெளிக்காக ஒரு காலி நாற்காலி. காரைத் தானாக ஊர விட வேண்டும், இயக்குநர் 'நிறுத்துங்கள்' என்று சொன்ன பிறகே பிரேக் பிடிக்க வேண்டும், அதற்கு முன் பிடித்தால் அத்துமீறல் என்று விளக்கினார்கள். உடன் அமர்பவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"எடுங்கள்."

கார் ஊர்ந்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நான் இந்தத் துறையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த முப்பது ஆண்டில் ஒரு தடவைகூட நான் பிரேக்கைத் தவறாகப் பிடித்ததில்லை. ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு டிரைவர் உண்டு!"

கைதட்டினார்கள். சரிவில் கார் சற்று வேகம் எடுத்தது.

"இந்த வாரியம் தொடங்கியபோது நம் சாலைகளில் நடந்த விபத்துகள் எத்தனை? இன்று அதைப்போல் மூன்று மடங்கு. ஆக, இந்த வாரியத்தின் தேவை மூன்று மடங்கு உயர்ந்திருக்கிறது! இது யாருடைய சாதனை?"

ரொட்டிக்காரர் மேடையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியோடு நகர ஆரம்பித்திருந்தார்கள். கீழ்த்தளத்து அதிகாரி எழுந்துவிட்டார். மேல்தளத்து அதிகாரி, அவர் எழுந்ததாலேயே உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தம் என்பது என்ன? அதை யார் சொல்ல வேண்டும்? எப்போது சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியவர் சொல்லும்வரை பொறுத்திருப்பதே ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை இதோ உங்கள் கண்முன்..."

இனி ஒரு வாக்கியத்துக்கு இடம் இல்லை. ரொட்டிக்காரர் வலது காலால் பிரேக்கை உறுதியாக அழுத்தி, கடைசியில் ஒரு நூல் தளர்த்தினார். கார் குலுங்காமல் நின்றது. மேடைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தடுமாறிப் பின்வாங்கியதில் இயக்குநர் தானே மைக்கைத் தள்ளிவிட்டிருந்தார்.

"நான் இன்னும் சொல்லலையே!" என்றார், மைக் இல்லாமல்.

"சொல்லி முடிக்கறதுக்குள்ள மேடை வந்துடுச்சுங்க."

"இது அத்துமீறல். எந்தக் கால்?"

"வலது."

"வலது காலா?" இயக்குநர் மேல்தளத்து அதிகாரியைப் பார்த்தார். "அப்ப இது உங்க பிரிவு. இந்தக் காலுக்கும் ஒரு கோப்பு திறங்க."

ரொட்டிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னொரு கோப்பு என்றால் இன்னொரு பத்து மாதம். அக்காவிடம் அவ்வளவு மிச்சம் இல்லை. அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. உடன் அமர்பவள் இறங்கி, கோப்பைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரைக் கேட்டாள்.

"ஏன்?"

அவர் விழித்தார். பிறகு புரிந்தது. "மேடைம்மா."

"பதிவாயிற்று" என்றாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து இயக்குநரிடம் கொடுத்தாள்.

உடன் அமர்பவர் காரணம் பதிந்த நிறுத்தத்தை யாரும் மறுக்கக் கூடாது என்று வாரிய விதியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் இயக்குநர்தான். இரண்டு அதிகாரிகளும் பல வருடத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அரை மணியில் சான்றிதழ் வந்தது. மேற்படி நபரின் இடது கால் ஆட்டோமேட்டிக் வாகனத்தில் பயனற்றது என்று இவ்வாரியம் மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது என்றிருந்தது.

வளாகத்து வாசலில் அவள் மஞ்சள் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குத் தொடங்கிய பணி முடிந்திருந்தது. கழுத்து அட்டையைக் கழற்றினாள்.

"முதல் நாளே நீங்க சரியாத்தான் பிரேக் பிடிச்சீங்க சார்" என்றாள். அவள் குரலில் ஐந்தாவது சொல்லை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "இருபது மணி நேரம்னு போட்டிருக்கு. நான் என்ன செய்யறது, சொல்லுங்க."

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் செவ்வாய்க்கிழமை வேற வேலை இல்ல."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மறுநாள் புதன். ரொட்டிக்காரர் மதியத்துக்குள் காரில் மலை ஏறிவிட்டார். சரியாக இரண்டு மணிக்கு வாசல் திறந்தது. அக்கா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இவர் இரண்டு படி வேகமாக ஏறினார்.

"வண்டி வந்துடுச்சா?" என்றார் அக்கா.

"அக்கா, நான்தான்."

"தெரியுது, தெரியுது. டிரைவர்தானே? நேரத்துக்கு வந்துட்டீங்க. இப்பெல்லாம் யார் நேரத்துக்கு வர்றா?" எழுந்து நிற்கக் கை நீட்டினார்.

நர்ஸ் ரொட்டிக்காரரைப் பார்த்தாள். அவள் முகத்தில் மன்னிப்புக் கேட்கிற பாவம் இருந்தது. "ஒரு மாசமாவே யாரையும் தெரியல சார். போன மாசம் வரைக்கும் உங்க போட்டோவைக் காட்டினா பேர் சொல்லுவாங்க" என்றாள். பிறகு, "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நாலு மணிக்குள்ள" என்றாள்.

அக்காவை முன் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார். மலைப்பாதையில் 'எல்' போட்டு இறக்கினார். எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டார். அக்கா ஜன்னலைப் பாதி இறக்கிக் காற்றில் முகத்தைக் கொடுத்திருந்தார்.

"தூக்கிப் போடவே இல்ல. நல்லா ஓட்டறீங்க" என்றார்.

"ரொட்டி வேன் ஓட்டிட்டிருந்தேங்க."

"அப்படியா?" அக்கா திரும்பினார். "என் தம்பியும் ரொட்டி வேன்தான். ரொம்ப நல்ல பையன். வர்றேன் வர்றேன்னு போன்ல சொல்லுவான். வர முடியல பாவம். அவனை எங்கயாவது பார்ப்பீங்களா?"

அவருக்குப் பாதை கலங்கலாகத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். "பார்ப்பேங்க."

"பார்த்தா சொல்லுங்க, நான் கோவிச்சுக்கலன்னு."

"சொல்லிடறேன்க்கா."

வாய் தவறி அக்கா என்று வந்துவிட்டது. ஓரக்கண்ணால் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடறாங்க" என்று ஜன்னலிடம் சொன்னார். "இன்னும் கொஞ்ச தூரம் போலாமா டிரைவர்?"

மணி மூன்று ஐம்பது. திரும்புவதற்கு இடம் இருந்த கடைசி வளைவு வந்தது. அவர் பிரேக்கைத் தொடாமல் அதைத் தாண்டிப் போனார்.